நின்றுகொண்டே ஓட்டிய செல்வதாஸ்

அஞ்சுகிராமத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிய செல்வதாஸ் மாமாவை அந்தத் தடத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. நியூட்ரல் என்றால்தான் தெரியும். நியூட்ரல் வண்டி போய்விட்டதா என்று ஸ்டாப்பில் ஒருவர் கேட்டால், அது எங்கே போகும், இனிமேல்தான் வரணும் என்று நான்கு பேர் சொல்வார்கள். அவர் வண்டி சரியான நேரத்துக்கு வந்த நாளும் ஒன்று உண்டு. விசாரித்தபோது அது முந்தின டிரிப் என்று தெரிந்தது.

அவர் சோம்பேறி அல்ல, குடிக்கிறவரும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்காருகிறவர். வண்டி தாமதமானதற்குக் காரணம் வேறு. ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று டிப்போவில் ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கேஎம்பிஎல் என்று பெயர். மாதம் முடிந்ததும் ஒவ்வொரு டிரைவரின் பெயருக்கும் எதிரே அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். மற்றவர்களுக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் ஐந்தே கால். மாமாவுக்கு ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கியதில்லை. மயிலாடி தாண்டியதும் ஓர் இறக்கம் வரும். அங்கே கியரை நியூட்ரலில் தட்டினாரென்றால் வண்டி தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அடுத்த ஸ்டாப். பிரேக் மிதித்தால், அதுவரை எரித்த டீசல் வீண் என்பது அவர் கட்சி. ஆகவே ஸ்டாப்பில் வண்டி நிற்காது, நிற்பது போலப் போகும். ஏறுகிறவர்கள் ஓடி ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் ஓடி இறங்குவார்கள். கர்ப்பிணிகளுக்கும் கருவாட்டுக் கூடைக்காரிகளுக்கும் மட்டும் முழுதாக நிற்கும். கூடைக்காரிகள் வாய்க்குப் பயந்து.

வருஷா வருஷம் டீசல் சிக்கனத்துக்கான சான்றிதழும் ஓர் எவர்சில்வர் குடமும் அவருக்குத்தான். வீட்டில் பத்தொன்பது குடம் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு வண்டியை முந்தியதாகச் சாட்சி கிடையாது.

2010 ஆகஸ்டில் அவருக்கு இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில், பஸ் ஓட்டக் கூடாது, தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் கூடாது என்று இருந்தது. அப்படிப்பட்ட டிரைவர்களுக்கு மெடிக்கல் போர்டு வைத்துப் பார்த்து, லைட் டூட்டி என்று டிப்போவிலேயே ஏதாவது இலகுவான வேலை கொடுப்பார்கள். ஒருவரைக் கேட்டில் நிறுத்துவார்கள், இன்னொருவரை ஸ்டோரில் டயர் எண்ண விடுவார்கள். மாமாவுக்கு இவை எதுவும் வேண்டாம். அவருக்கு டீசல் பங்க் வேண்டும்.

டிப்போவின் டீசல் பங்க் என்பது ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, குஷன் கிழிந்த ஒரு நாற்காலி, ஒரு பெரிய நோட்டு. சாயங்காலம் ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே வந்து நிற்கும். எவ்வளவு ஊற்றியது, எவ்வளவு ஓடியது என்று நாற்காலியில் இருக்கிறவர் எழுதி, கேஎம்பிஎல் போட்டு, மாதக் கடைசியில் கரும்பலகையில் ஏற்றுவார். நாற்காலியில் இருந்தவர் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். பத்தொன்பது வருஷம் அந்தப் பலகையில் தன் பெயரை அண்ணாந்து பார்த்த மாமா, இனி மற்றவர்கள் பெயரை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசை என்பது சின்ன வார்த்தை. நேசபாய் அத்தை சொன்னபடி பார்த்தால், தூக்கத்தில் 'நாலே முக்காலா, வெளிய நில்லு' என்று யாரையோ அதட்டுகிறாராம்.

போர்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதி என்று கடிதம் வந்தது. இடையில் ஓர் ஆள் இருந்தார். சூப்பிரண்டு சிவதாணு. சுசீந்திரத்துக்காரர். நியூட்ரல் வண்டியைப் பற்றிப் பொதுஜனம் எழுதிய புகார்க் கடிதங்களுக்கெல்லாம் பத்தொன்பது வருஷமும் பதில் எழுதி எழுதி விரல் தேய்ந்தவர். சீட்டை நீட்டியபோது அவர் கேட்டது இதுதான்: "தட்டு விலகிட்டா? எப்பிடிவே விலகும், நீரு வண்டிய அசைச்சாத்தானே?"

மாமா நடிக்கிறார் என்று சிவதாணு நம்பினார். நாலு பேர் பார்க்க ஒரு மணி நேரம் எங்கேயாவது உட்கார்ந்தால் போதும், டீசல் பங்க் போச்சு. இதை மாமாவும் அறிவார். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலையைக் கையில் வாங்கிச் சுவரோரம் நின்றுதான் சாப்பிட்டார்.

வீட்டில் இருப்பதும் முடியவில்லை. அத்தை அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பினால், மாமா வந்து தீயைக் குறைத்துவிட்டுப் போயிருப்பார். சிலிண்டர் இத்தனை நாள் ஓடவேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தார். மீன் வேகவே இல்லை. மூன்றாவது வாரம் அத்தை பொறுமை இழந்தாள்.

"இஞ்ச பாருங்க, எங்கயாவது போய் நில்லுங்க."

அவர் வந்து நின்ற இடம் பெனின் கடை.

பெனின் சின்னமுட்டம் பக்கத்துக் கடற்கரைப் பையன். அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய இரண்டு பிளேஸ்டேஷன், இரண்டு டிவி, ஒரு கூல்டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜ், கரண்டு போனால் கைகொடுக்க ஓர் இன்வெர்ட்டர். அஞ்சுகிராமம் பஜாரில் கடை. நான் அங்கே காலையிலேயே போய்விடுவேன். அந்த வருஷம்தான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். ஓர் அரியர்கூட இல்லாமல் முடித்தேன் என்பதை இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது. அப்பா செங்கல் சூளைக்காரர். எங்கள் வம்சத்தில் கையெழுத்துக்குப் பிறகு ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும் போட்ட முதல் ஆள் நான். நான் வெளியே வந்த அதே வருஷம்தான் முதல் பட்டதாரிகளுக்குச் சலுகை என்று அரசு அறிவித்தது. சலுகை எனக்குத் தப்பிவிட்டது, பெருமையாவது கிடைத்ததே என்று வைத்துக்கொண்டேன். வேலைக்கான கடிதங்கள் வரும்வரை பெனின் கடையில் எனக்கு இன்ஜினியர் என்று பெயர்.

அங்கே ஒரு கார் ரேஸ் கேம் இருந்தது. மூன்று சுற்றில் முடிகிற ரேஸ்களைச் சின்னப் பிள்ளைகள் ஆடுவார்கள். எங்களுக்கு நீண்ட ரேஸ்தான். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று ஓடும். நிஜம் போலவே டயர் தேயும், பெட்ரோல் தீரும், பிட் என்கிற ஒதுக்கத்தில் போய் நின்று டயர் மாற்றிப் பெட்ரோல் ஊற்றி வரவேண்டும். ரேஸுக்கு முன்னால் காரைச் செட்டிங் செய்ய ஒரு திரை உண்டு. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், சக்கரம் எவ்வளவு சாய்வு, பின்பக்க இறக்கை எவ்வளவு உயரம், எந்த கியர் எத்தனை நீளம் என்று ஐம்பது அறுபது சமாச்சாரம். எல்லாம் ஆங்கிலம். அதை வாசித்துப் புரிந்து அமைப்பதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. கோட்டாறு ஜவுளிக்கடைக்காரர் மகன் அஷ்ஃபாக்கின் காரைச் செட் செய்ததும் நான்தான். அஞ்சுகிராமத்தில் அவர்களுக்குக் கிளைக்கடை. அஷ்ஃபாக் அதைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவன், பெனின் கடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டான். அவன் காருக்கு இரட்டை டர்போ, மிக மென்மையான டயர், உள்ளே இருந்த கனத்தையெல்லாம் கழற்றி எறிந்த உடம்பு. ஒரு சுற்றில் அவனைப் பிடிக்க யாராலும் முடியாது.

முதல் நாள் மாமா ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று பார்த்தார். இருபத்திரண்டாவது நிமிஷம் அஷ்ஃபாக் பிட்டுக்குள் போனான்.

என்ன ஆச்சு என்று மாமா கேட்டார். டயர் முடிந்துவிட்டது, பெட்ரோலும் ஊற்றவேண்டும் என்றேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது என்றார். அறுபது கிலோமீட்டர், நாற்பது லிட்டர். மாமா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். முகம் கறுத்துவிட்டது.

"ஒண்ணரையா? கேஎம்பிஎல் ஒண்ணரையா? ஏலே, இவனுக்கு மெமோ குடுக்க ஆருமில்லையா?"

"அண்ணாச்சி, இது பஸ்ஸில்ல, ரேஸு," என்றான் அஷ்ஃபாக், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க வண்டிய நம்பி எங்க வாப்பா ஒருக்கா கல்யாணத்துக்குக் கெளம்பி, மாப்பிள பொண்ணு மறுவீடு போகும்போதுதான் எதுக்க வந்து சேந்தாவ."

கடை சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அவருக்கு அவமானம் ஒரு பொருட்டில்லை, அது பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒன்றரைதான் பொறுக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். நான்காவது நாள், நான்கு மணி நேரத்தில் இந்தப் பயல் பத்து முறை நிற்கிறான், நானென்றால் நாலு முறைக்கு மேல் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அஷ்ஃபாக் உடனே, அப்படியானால் ஆடிப் பார்ப்போம் என்றான். பெனின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தான். அக்டோபர் மூன்று. போர்டுக்கு ஒன்பது நாள் முன்பு.

மாமா எதற்கு ஒத்துக்கொண்டார் என்று அத்தைக்கு இன்றுவரை புரியவில்லை. டீசல் பங்க் கைக்கு எட்டும் நேரத்தில், நாலு மணி நேரம் ஒரு கடையில் உட்கார்ந்து கார் ஓட்டினார் என்று சிவதாணு காதில் விழுந்தால் என்ன ஆகும்? மாமாவிடம் இதற்கு விடை இருந்தது. உட்கார்ந்தால்தானே?

இரண்டு வாரம் செட்டிங் நடந்தது. திரை ஆங்கிலம் என்பதால் நான் வாசித்துச் சொல்ல, அவர் சொல்கிறபடி நான் பட்டனை அமுக்க வேண்டும். ஆக இரண்டு காரும் என் கை பட்டதுதான். எப்படியானாலும் தோற்கப்போவது நானில்லை.

எடுத்த எடுப்பில் டர்போவைக் கழற்றச் சொன்னார். மாமா, அதில்தானே வேகம் என்றேன். வேகம் இருக்கட்டும், அது குடிக்கிற குடி என்ன என்றார். டயர்ப் பட்டியலை வாசித்தேன். மிக மென்மையானது, மென்மையானது, நடுத்தரம், கடினம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரீட்ரெட் இல்லையா?" என்றார். பழைய டயரில் புதுத் தோல் ஒட்டி ஓட்டுவது நம் பஸ்களின் வழக்கம். உலகத்தின் பெரிய மூளைகள் சேர்ந்து செய்த கேமில் அந்த வசதி இல்லை என்று அறிந்ததும் அவருக்கு அந்தக் கேமின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. கடினத்தைப் போட்டோம். கனம் குறைக்கும் இடம் வந்தது. உள்ளே இருக்கும் சீட்டுகளைக் கழற்றிவிடலாம் என்றேன்.

"சீட்டக் கழத்துனா பாசஞ்சர் எங்க இருப்பான்?"

பாசஞ்சர் கிடையாது மாமா என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. கடைசியில் பின்சீட்டை மட்டும் எடுக்கச் சம்மதித்தார். அடிப்பகுதியைத் தரையோடு தாழ்த்தினால் வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும் என்பதற்கு நான் கல்லூரியில் ஒரு முழுப்பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அவர், மழை பெய்து குழி விழுந்தால் அடி தட்டும், உயர்த்து என்றார். இந்த ரோட்டில் குழி விழாது என்றேன். எந்த ஊர் ரோடு என்று கேட்டார். ஜப்பான் என்றேன். யோசித்து, பாதி இறக்கினார்.

கியர்தான் அவருடைய இடம். ஒவ்வொரு கியரையும் நீளமாக இழுத்து வைத்தார். இன்ஜின் கத்துவதற்கு முன்பே அடுத்த கியருக்குப் போய்விடுவார். வளைவுக்கு வெகு முன்னாலேயே ஆக்சிலேட்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்து, வண்டியைத் தானாகப் போகவிட்டு, பிரேக்கே இல்லாமல் திரும்புவார். பார்க்கக் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். அஷ்ஃபாக்கைவிட ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி பிந்தியிருந்தார். நூற்றுமுப்பது சுற்றுக்கு இருநூற்று அறுபது விநாடி. மாமா தோற்பது உறுதி என்று நான் கணக்கோடு சொன்னேன். மாமா ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு முறைதான் பிட்டுக்குப் போனார், அந்தக் கணக்கை நான் போடவில்லை. கேஎம்பிஎல் இரண்டே கால் வந்தது. அதை அவர் பெனினிடம் கேட்டு வாங்கிய சாக்பீஸால் ஃபிரிட்ஜ் கதவில் எழுதிவைத்தார். ஒன்றரைக்கு நேரே அஷ்ஃபாக் பெயர்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ரேஸ். மாமா ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். பெனின் அவருக்காக மெத்தை வைத்த நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தான். அதை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். பிறகு கூடியிருந்த இருபது இருபத்தைந்து பேரையும் ஒரு தடவை பார்த்து, நான் நிற்பதை எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். திரையை இரண்டாகப் பிரித்தார்கள். மேலே அஷ்ஃபாக், கீழே மாமா.

முதல் மணி நேரம் சொல்ல ஒன்றுமில்லை. அஷ்ஃபாக் பறந்தான். மாமா அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அஷ்ஃபாக் பிட்டில் நிற்கும்போது மாமா முன்னால் வருவார், அஷ்ஃபாக் வெளியே வந்து அடுத்த பிட்டுக்குள் திரும்ப முந்துவான். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் வேடிக்கை பார்க்க வந்த பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒரே ரேஸில் இத்தனை முறை முந்தப்பட்டும் ஒருவர் இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் மாமாவின் வலதுகால் நடுங்க ஆரம்பித்தது. ஃபிரிட்ஜில் சாய்ந்திருந்த தோள் மெல்லச் சரிந்து, சாக்பீஸ் எழுத்தையெல்லாம் சட்டை துடைத்துக்கொண்டது. நெற்றியில் வேர்வை. பெனின் வெளியே போய் அந்த நாற்காலியைத் திரும்ப எடுத்து வந்தான். அஷ்ஃபாக் நல்ல பையன். போட்டியென்றாலும் அவனுக்கே பொறுக்கவில்லை.

"இரியுங்க அண்ணாச்சி. ஆரும் போய்ச் சொல்லமாட்டோம்."

மாமா நாற்காலியைப் பார்த்தார். அது பார்வை இல்லை, வேறொரு நாற்காலியை நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"பன்னெண்டாம் தேதி கழியட்டு மக்கா. பெறகு இருபது வருசம் இருந்துக்கிடுதேன்."

நிற்கிற இடத்திலேயே காலை மாற்றி ஊன்றினார். அவ்வளவுதான்.

ஐந்து ஐம்பதுக்குத் தன் பத்தாவது பிட்டை முடித்து அஷ்ஃபாக் வெளியே வந்தபோது, மாமா பதினெட்டு விநாடி முன்னால் இருந்தார். அவர் இனி நிற்கவேண்டியதில்லை. டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அஷ்ஃபாக் சுற்றுக்கு இரண்டு விநாடியாகத் தின்றுகொண்டே வந்தான். கடைசிச் சுற்று தொடங்கும்போது பத்து விநாடி வித்தியாசம். ஒழுங்காக வந்தாலே போதும், மாமாவுக்கு வெற்றி நிச்சயம்.

கடைசி வளைவில் மாமா பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

ஏன் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே, இனி எதற்குப் பெட்ரோல் என்றார். கார் தானாக உருண்டு வந்தது. பத்து விநாடி எட்டானது, ஐந்தானது. பெனின் தலையில் கைவைத்துக்கொண்டு, அமுக்குங்க அண்ணாச்சி, அமுக்குங்க என்று கெஞ்சினான். பின்னால் அஷ்ஃபாக்கின் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமா கார் ஸ்டாப்பில் நிற்பது போல வந்து, நிற்காமல், கோட்டைத் தாண்டியது. அரை கார் நீளம் பின்னால் அஷ்ஃபாக்.

"மிச்சம் எத்தன லிட்டரு?" என்று மாமா கேட்டார்.

நாலு லிட்டர் என்றேன். அதன் பிறகுதான் சிரித்தார். ஜெயித்துவிட்டீர்கள் என்று பெனின் கட்டிப்பிடித்தபோது, நான் யாரையும் முந்தவில்லை, அவன் நின்றான், நான் போனேன் என்றார். வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இவரைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்காது. பெனின் ஃபிளக்ஸ் அடித்துவிட்டான்.

எங்கள் பக்கம் ஒருவன் பத்தாம் வகுப்பு பாஸானாலும் ஃபிளக்ஸ், காது குத்தினாலும் ஃபிளக்ஸ். வியாபாரத்துக்கு ஆகும் என்று பெனின் பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே எட்டடிக்குப் பத்தடி வைத்துவிட்டான். மாமா வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். பின்னால் இருந்த ஃபிரிட்ஜை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஃபிளக்ஸ் கடைக்காரர் தீப்பிடித்து எரிகிற ஒரு சிவப்புக் காரையும் இரண்டு சிங்கங்களையும் சேர்த்திருந்தார். 'நான்கு மணி நேரம் இடைவிடாத கார் பந்தயத்தில் கோட்டாற்றை வென்ற எங்கள் வேகப்புயலே' என்று எழுதியிருந்தது. வேகப்புயல் என்பதை வாசித்த பயணிகள் பஸ்ஸுக்குள்ளே எழுந்து நின்று சிரித்தார்களாம்.

அந்தப் பஸ்ஸில் சிவதாணுவும் இருந்தார். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர், இறங்கி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் துக்கத்துக்குப் போனார்.

செய்தி வந்ததும் அத்தை என்னைத் தேடி வந்தாள். அழவில்லை. நீ படித்த பிள்ளை, ஏதாவது செய் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று விளக்க வேண்டியதில்லை. மாமாவும் நானும் கலந்து பேசினோம். சிவதாணு என்ன சொல்வார்? நாலு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டினார், ஆகவே நோய் பொய் என்பார். நாம் என்ன சொல்ல வேண்டும்? உட்காரவில்லை. படமே சாட்சி. ஆனாலும் எழுத்தில் ஒன்று இருந்தால் கெட்டி.

அன்று ராத்திரிக்குள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. மேற்படி செல்வதாஸ் என்பவர் அக்டோபர் மூன்றாம் தேதி பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை என் கண்முன் நின்றுகொண்டே இருந்தார் என்றும், ஒரு கணமும் அமரவில்லை என்றும் சான்றளித்தேன். ஆனால் அதோடு நிறுத்தக் கை வரவில்லை. ஒரு பக்கம் முடிய மூன்று வரி மிச்சம் இருந்தது. 'அவ்வாறு நின்ற காலத்தில் அவரிடம் களைப்போ தளர்வோ சிறிதும் காணப்படவில்லை' என்று சேர்த்தேன். கீழே கையெழுத்து, புள்ளி, இரண்டு எழுத்து, அடைப்புக்குறிக்குள் மெக்கானிக்கல். அஷ்ஃபாக்கும் பெனினும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

போர்டில் மூன்று டாக்டர்கள். வெளியே வராந்தாவில் நான் நின்றேன், கதவு திறந்துதான் இருந்தது. சிவதாணு செல்போன் படத்தைக் காட்டினார். மாமா என் கடிதத்தை நீட்டினார். பெரிய டாக்டர் அதை முழுக்க வாசித்தார். வாசிக்கும்போது இரண்டு தடவை தலையாட்டியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

"நாலு மணி நேரமும் நின்னீங்களா?" என்றார்.

"ஆமா சார். உக்காரவே இல்ல."

"களைப்பே இல்லையா?"

மாமா ஒரு நொடி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுதியது பொய் என்று அவர் சொல்ல வேண்டும், அல்லது ஆமாம் என்று சொல்ல வேண்டும். வராந்தாவில் நிற்பவன் சூளைக்காரன் மகன், முதல் பட்டதாரி, கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"இல்ல சார்," என்றார்.

இருபது நாளில் ஆர்டர் வந்தது. நோய் உண்மை என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். சிவதாணு அந்த அளவில் தோற்றார். பஸ் ஓட்டத் தகுதியில்லை. தொடர்ந்து அமர்ந்து செய்யும் வேலைக்கும் தகுதியில்லை. நின்று செய்யும் இலகுவான வேலைக்கு மிகவும் தகுதியானவர். டீசல் பங்க் நாற்காலி காது மந்தமான வேறொரு டிரைவருக்குப் போனது. மாமாவை நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பருக்கு உதவியாகப் போட்டார்கள். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். பஸ்கள் குறித்த நேரத்துக்கு வருகின்றனவா, குறித்த நேரத்துக்குப் புறப்படுகின்றனவா என்று பார்த்து எழுதவேண்டும்.

அந்த ஆர்டரை அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். வாசித்து முடித்து, அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது என்றேன். மாமா தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இங்கிலீசு நல்லா இருந்துன்னு அந்த டாக்டரு சொன்னாருலே," என்றார்.

அடுத்த தை மாதம் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை நின்றுகொண்டேதான். அது வேறு விஷயம்.

2013 மே மாதம் லீவில் வந்தபோது நாகர்கோவில் மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் விசில், கையில் நோட்டு. பக்கத்தில் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் அவருடைய சோத்துப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம்தானே கூடாது, பத்து நிமிஷம் உட்காரலாமே மாமா என்றேன். ஆர்டரில் நிற்கணும் என்றுதான் இருக்கிறது என்றார்.

அப்போது ஒரு பஸ் சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் பிசகாமல் வந்து நின்றது. மாமா ஜன்னலருகே போய் கேஎம்பிஎல் எவ்வளவு என்று கேட்டார். இளவட்டமான டிரைவர், நாலே முக்கால் என்றான். நேரத்துக்கு வந்து என்ன செய்ய, அரசாங்கத்து டீசலைக் குடித்தே அழித்துவிடுவாய் போலிருக்கே என்று அவனை ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்துத் திட்டினார். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது.

பின்னாலேயே அஞ்சுகிராமம் வண்டி பதினாலு நிமிஷம் பிந்தி, கேட்டுக்கு வெளியிலேயே இன்ஜின் சத்தம் அடங்கி, தானாக உருண்டு உள்ளே வந்தது. பயணிகள் ஓடி இறங்கினார்கள். எவ்வளவு என்று மாமா கேட்டார். ஆறு அண்ணாச்சி என்றான் அந்த டிரைவர்.

மாமா நோட்டைப் பிரித்து, தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், சுசீந்திரம் தேரோட்டம் என்று நிதானமாக எழுதினார். சுசீந்திரத்தில் தேர் ஓடுவது மார்கழியில். நான் எட்டிப் பார்ப்பதை அவர் கவனித்தார். பேனாவை மூடி, அடுத்த பஸ்ஸுக்கு விசில் ஊதப் போய்விட்டார்.